கையளவு வயிறும் மாவு ஆலையும்

அவையோருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வைட்டமின் குறைபாடு என்று பேச்சு எடுத்தாலே பழம் கொடுங்கள், கீரை கொடுங்கள், முட்டை கொடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாம். சொல்கிறவருக்கு ஒரு செலவும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு இவையெல்லாம் நல்லவை என்று தெரியாமலா இருக்கிறது? கையில் காசு இல்லை, நேரம் இல்லை, இருப்பதைப் பிள்ளைகளுக்குள் பங்கு போட வேண்டும். ஆகவே நான் இன்று பேச வந்தது தாயைப் பற்றி அல்ல, ஆலையைப் பற்றி. எல்லா வீட்டிலும் எப்படியும் சமைக்கிற மாவிலோ, எண்ணெயிலோ, அரிசியிலோ, அது வீட்டுக்கு வருவதற்கு முன்பே கொஞ்சம் வைட்டமின் சேர்த்துவிடுவதைப் பற்றி. செறிவூட்டல் என்கிறோமே, அதைப் பற்றி.

முதல் உலகப் போர்க் காலத்து டென்மார்க்கிலிருந்து தொடங்குகிறேன். வெண்ணெய்க்குப் பேர்போன நாடு அது. போர்க்காலத்தில் வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால் வெண்ணெய் கப்பலேறியது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படும் மார்கரினும் கொழுப்பு நீக்கிய பாலும் மிஞ்சின. வயிறு என்னவோ நிறைந்தது. ஆனால் கோபன்ஹேகனில் கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவரிடம் கண் வறண்டு, கருவிழி மங்கிய குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். சிலருக்குப் பார்வையே போயிற்று. 1917 முடிவில் கடற்போர் முற்றி, ஏற்றுமதி தடைப்பட்டது. வெண்ணெய் நாட்டுக்குள்ளேயே தங்கியது. பங்கீட்டில் வீடு வீடாகப் போனது. அடுத்த ஆண்டே அந்தக் கண் நோய் ஏறக்குறைய இல்லாமல் போனது. யாரும் யாருக்கும் ஊட்டச்சத்து வகுப்பு எடுக்கவில்லை. எந்தத் தாயும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பாட்டில் சேர்ந்த கொழுப்பு மாறியது, அவ்வளவுதான்: வெண்ணெயில் வைட்டமின் ஏ உண்டு, அன்றைய மார்கரினில் இல்லை. பிற்பாடு பல நாடுகளில் மார்கரினிலேயே வைட்டமின் ஏ சேர்க்கும் வழக்கம் வந்தது.

கண்ணோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆல்ஃபிரட் சாமர் என்ற கண் மருத்துவரின் குழுவினர் நடத்திய ஆய்வு 1986இல் வெளிவந்தது. ஆறு மாத இடைவெளியில் பெரிய அளவு வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில், கொடுக்காத கிராமங்களைவிடக் குழந்தை இறப்பு 34 சதவீதம் குறைவு. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த எண் கூடியும் குறைந்தும் வந்தது. ஆனால் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்த குழந்தை பிழைப்பதற்கும் வைட்டமின் ஏவுக்கும் உள்ள தொடர்பை அதற்குப் பிறகு ஒதுக்கித் தள்ள முடியவில்லை. மருந்து கொடுக்க வருடத்துக்கு இரண்டு முறை ஆள் வர வேண்டும். சாப்பாடு தினமும் தானாக வருகிறது.

சரி, எந்தச் சாப்பாட்டில் சேர்ப்பது? சத்துள்ள பொருளாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். குவாத்தமாலாக்காரர்கள் 1970களில் தேர்ந்தெடுத்தது சர்க்கரையை! இங்கே பல் மருத்துவர்கள் யாராவது இருந்தால் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். ஆனால் அவர்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். ஏழை, பணக்காரர் எல்லோரும் சர்க்கரை வாங்குகிறார்கள். அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆலைகளிலிருந்துதான் வெளியே வருகிறது. அந்த ஆலைகளின் வாசலில் நின்றால் போதும், நாட்டில் உள்ள எல்லா அடுப்படிக்கும் போய்விடலாம். அதிகமாகச் சர்க்கரை சாப்பிடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எப்படியும் சாப்பிடுகிற சர்க்கரையில் வைட்டமின் ஏ சேர்த்தார்கள். குழந்தைகளின் ரத்தத்திலும் தாய்ப்பாலிலும் அதன் அளவு உயர்ந்தது. சில ஆண்டுகளில் திட்டம் நின்றுபோய், 1980களின் கடைசியில் மறுபடி உயிர்பெற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிவியல் தோற்று நிற்கவில்லை. நிர்வாகமும் பணமும் கைவிட்டன.

இதே கணக்கில் இந்தோனேசியாவில் சமையலில் ருசி கூட்டப் போடும் மோனோசோடியம் குளுட்டமேட் தூளில் வைட்டமின் ஏ சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்குப் பலன் தெரிந்தது. ஆனால் பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டிய தூள் நாளடைவில் நிறம் மாறியது. நிறம் மாறிய பொருளை யார் வாங்குவார்கள்? திட்டம் நாடு முழுக்கப் பரவவே இல்லை. ஆய்வகத்தில் வென்றது கடை அலமாரியில் தோற்றது. நிறம், மணம், ருசி மூன்றில் ஒன்று மாறினாலும் கதை முடிந்தது.

மாவில் சேர்ப்பதற்கு வருவோம். செறிவூட்டலின் மிகப் பெரிய வெற்றி எது என்று என்னைக் கேட்டால் பி வகை வைட்டமினான ஃபோலிக் அமிலத்தைத்தான் சொல்வேன். அந்த வெற்றியில் பலன் பெறுகிற குழந்தை இன்னும் பிறந்திருக்காது. கருவில் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகப்போகிற குழாய் மூடிக்கொள்வது கரு உண்டாகி 28 நாளுக்குள். அதற்குள் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. தெரிந்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்குவதற்குள் காலம் கடந்துவிடும். குழாய் சரியாக மூடாமல் போனால் பிள்ளை முதுகுத்தண்டிலோ மூளையிலோ குறையோடு பிறக்கும். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய சோதனை 1991இல் வெளிவந்தது: இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளையை ஏற்கெனவே பெற்ற தாய்மாருக்கு, கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்தது. 1998இல் அமெரிக்கா மாவில் அதைக் கட்டாயமாக்கியது, சிலி 2000இல். சோதனையை நடத்திய பிரிட்டன் மாவில் சேர்க்கப்போவதாக அறிவித்தது எப்போது தெரியுமா? 2021இல். முப்பது வருடம் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை கேட்டதை வைத்து, அப்படியானால் எல்லாவற்றையும் மாவில் கொட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது. மேடைகளில் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றின் கொள்ளளவு கிலோவுக்குச் சுமார் 30 கிராம் என்பார்கள். ஒரு வேளைக்கு 240 கிராம், கஞ்சியில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து! கணக்குக்காக, வயது ஒன்றைத் தாண்டிய குழந்தை ஒரு நாளில் 50 கிராம் மாவு சாப்பிடுகிறது, அதன் தகப்பன் 400 கிராம் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு அமெரிக்க அளவுகோலின்படி நாளுக்கு 300 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ வேண்டும். அது முழுவதும் அந்த 50 கிராமிலேயே கிடைக்க வேண்டுமானால், கிராமுக்கு 6 மைக்ரோகிராம் சேர்க்க வேண்டும். அதே மாவைச் சாப்பிடும் தகப்பனுக்கு 2400 மைக்ரோகிராம் போய்விடும். பெரியவர்களுக்கான உச்ச வரம்பு 3000. எண்ணெயிலும் சேர்த்து, பாலிலும் சேர்த்து, கூடவே மாத்திரையும் என்றால் வரம்பு தாண்டிவிடும். தட்டில் தகப்பன் அளவுக்குச் சாப்பிடுகிறவள் கர்ப்பிணி என்றால் கவலை இன்னும் அதிகம். மிதமிஞ்சிய வைட்டமின் ஏ கருவைக் கெடுக்கக்கூடியது. சரி, பெரியவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அளவைக் குறைத்தால் குழந்தையின் கிண்ணத்தில் பேருக்குத்தான் இருக்கும். யாருக்காக இவ்வளவும் செய்கிறோமோ, அந்தக் குழந்தைக்குத்தான் மிகக் குறைவாகப் போய்ச் சேருகிறது.

அளவு மிஞ்சுவது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. 1950களில் பிரிட்டனில் குழந்தைகளுக்கான பால்மாவு, தானிய உணவு என்று பலவற்றிலும் வைட்டமின் டி சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே சரியான அளவுதான். எல்லாம் ஒரே குழந்தையின் வயிற்றுக்குள் சேர்ந்தபோது சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறியது. 1957இல் அளவுகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. இதைச் சொன்னவுடன் செறிவூட்டலே நஞ்சு என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே அதிகாரி எல்லாப் பொருளையும் கூட்டிப் பார்த்திருந்தால் அங்கே அப்படி நடந்திருக்காது.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு மாவு ஆலையை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான், கனடாவின் டொரொண்டோவில் ஸ்டான்லி ஸ்லாட்கின் என்ற குழந்தை மருத்துவர் 1990களில் வேறு வழி பார்த்தார். வைட்டமினும் இரும்பும் கலந்த தூள், ஒரு நாளைக்கு ஒரு சிறு பொட்டலம். சமைத்து ஆறிய உணவில், குழந்தையின் கிண்ணத்தில் மட்டும் தூவிக் கலக்க வேண்டும். இரும்புத் துகள் மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சு இருப்பதால் ருசியோ நிறமோ மாறாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் இதைப் பரிந்துரைத்தது. மலேரியா உள்ள இடங்களில் இரும்பைக் கொடுக்கும்போது மலேரியாத் தடுப்பும் கூடவே நடக்க வேண்டும்; அதில் சமரசம் கூடாது. இன்னொன்று, பொட்டலம் என்று வந்தவுடன் வேலை மறுபடி தாயின் தலையில் வந்து விழுகிறது. ஆலை வழியின் அருமையே அவளிடம் எதுவும் கேட்காததுதான்.

ஆலைக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்ப்போம். மாவு ஓடுகிற வழியில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து வைட்டமின் கலவை கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருக்கும். பெட்டி காலியானாலும் மாவு ஓடும், மூட்டையில் அச்சடித்த எழுத்தும் மாறாது. வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆய்வாளர் மாவைத் தட்டையாக்கி, அமிலமும் தயோசயனேட் கரைசலும் விட்டால், இரும்பு இருக்கிற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி தெரியும். இரும்பும் வைட்டமினும் ஒரே கலவையில் வருவதால், புள்ளி இருந்தால் கலவை விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதைவிட எளிய சோதனையும் உண்டு: மாதத்தில் எத்தனை டன் மாவு அரைத்தீர்கள், எத்தனை கிலோ கலவை வாங்கினீர்கள் என்று பில்லை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். சட்டம் போட்ட பல நாடுகளில் இந்த ஒப்பீட்டைச் செய்ய ஆள் இல்லை.

கடையில் மாவே வாங்காமல் தன் நிலத்தில் விளைந்ததைச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு ஆலை வழி அடைத்த வழி. மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பரப்பியவர்கள் அவர்களை நினைத்துத்தான் செய்தார்கள்; 2016இல் உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் மூவருக்கு அது இந்தக் கிழங்கு உழைப்புக்காகக் கிடைத்தது. சுமார் 125 கிராம் கிழங்கில் சிறு குழந்தையின் ஒரு நாள் வைட்டமின் ஏ தேவை அடங்கிவிடும். அதிலிருப்பது பீட்டா கரோட்டின். உடல் தனக்கு வேண்டிய அளவுதான் அதை வைட்டமினாக மாற்றும், மிஞ்சினால் தோல் கொஞ்சம் மஞ்சளாகும், அவ்வளவுதான். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையே நாம் மேலே பார்த்த சிக்கல் இங்கே இல்லை. கென்யாவின் மேற்குப் பகுதியில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும்போதே நடுவதற்குக் கொடி வாங்கச் சீட்டு கொடுத்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆவதற்குள் தோட்டத்தில் கிழங்கு இருக்கும் என்பது திட்டம். ஆனால் கோடை நீண்டால் கொடி காய்ந்துவிடும், அடுத்த நடவுக்குக் கை வெறுமையாகும். நாற்றுக்கொடியைக் கோடையில் தண்ணீர் விட்டுக் காப்பாற்றி வைக்க யாருக்குக் கூலி கொடுப்பது என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் செலவுக் கணக்கில் எழுதியாக வேண்டும்.