கஞ்சமலையும் கறித்துண்டும்

நேயர்களுக்கு வணக்கம். கஞ்சமலை அடிவாரத்து மண்ணில் காந்தத்தை ஓட்டினால் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். சேலத்துப் பிள்ளைகளுக்கு இரும்பை அப்படித்தான் அறிமுகம் செய்வேன். வேதியியல் வாத்தியாருக்குக் கறிக்கடையிலும் அதே இரும்புதான் கண்ணில் படுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாங்கிப்போன ஆட்டுக்கறியோடு ஓர் அம்மா கடைக்குத் திரும்பி வந்துவிட்டார். “மேலே சிவப்பா இருக்கு, அடியில இருக்கிறது கறுத்துக் கிடக்கு. பழசைக் கலந்துட்டீங்க!” கடைக்காரர் சத்தியம் செய்கிறார். துண்டுகளை ஒரு தட்டில் ஒட்டாமல் பரப்பச் சொன்னேன். அரை மணி நேரம் மூவரும் காத்திருந்தோம். கறுத்துக் கிடந்ததெல்லாம் சிவந்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கறியை எடுத்துக்கொண்டு போனார்.

நடந்தது இதுதான். தசையில் மயோகுளோபின் என்றொரு புரதம் இருக்கிறது. அதன் நடுவே ஓர் இரும்பு அணு. காற்றுப் படாதவரை ஊதா கலந்த கருஞ்சிவப்பு, ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால் பளிச்சென்ற சிவப்பு. ரொம்ப நேரம் கிடந்தால் பழுப்பு. ஆணி துருப்பிடிக்கிற மாதிரிதான். ஆக, கறிப் பாத்திரத்தில் தேங்கும் சிவப்புத் தண்ணீர் ரத்தம் இல்லை. ரத்தம் அறுக்கும்போதே பெரும்பாலும் வடிந்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், அது ரத்தம் இல்லை, மயோகுளோபின் கரைந்த தண்ணீர்.

ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதுதான் அந்தப் புரதத்தின் வேலை. நாள் முழுக்க மேய்கிற நாட்டுக்கோழியின் கால்கறி கறுப்பாகவும், நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் இருப்பது அதனால்தான். மூச்சடக்கி முங்குகிற திமிங்கலத்தின் தசை இன்னும் கறுப்பு. அதிலிருந்து எடுத்த மயோகுளோபினின் வடிவத்தைக் கண்டு சொன்ன ஜான் கென்ட்ரூவுக்கு 1962-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அடுப்புக்கு வருவோம். சூடு 60 டிகிரியைத் தாண்டத் தாண்ட, வெள்ளைக்கரு கெட்டியாவதுபோல இந்தப் புரதமும் உருக்குலைகிறது. உள்ளே பத்திரமாக இருந்த இரும்பு நிலை மாறுகிறது, கறி பழுப்பாகிறது. மிளகாய் போட்ட குழம்பில் இது தெரியாது. வெறும் மிளகு ரசத்துக்கு எலும்பு வேகும்போது பாருங்கள்.

என் அம்மாயி உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் உப்புக்கண்டம் காயப்போடுவார். உப்பு அந்தப் பழுப்பேறலை விரைவாக்கும், நீர் வற்ற வற்ற நிறம் அடர்ந்து கறுக்கும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஹாம் என்கிற, பதப்படுத்திய பன்றிக்கறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் சேர்க்கும் நைட்ரைட் என்ற உப்பிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு இரும்பைப் பிடித்துக்கொள்வதால், வெந்தபிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. அப்புறம், நிறத்தை மட்டும் பார்த்துக் கோழி வெந்துவிட்டதென்று இறக்கிவிடாதீர்கள். வணக்கம்.