லினக்ஸா, விண்டோஸா? மோட் போட்டு கேம் விளையாடுறவங்களுக்காக

(திரையில்: மர மேசை. பக்க மூடி கழற்றிய கணினி. விசிறியில் செம்மண் தூசு. பின்னால் மழைச் சத்தம்.)

வணக்கம். சுங்கை சிப்புட்ல இருந்து பேசுறேன். பேராக்ல, ஈப்போவுக்கு வடக்க இருக்கிற ஊரு. ஒரு காலத்துல சுத்திலும் பால்மரம், இப்ப எங்க பார்த்தாலும் செம்பனை. இங்க நான் கம்பியூட்டர் ரிப்பேர் வேலை பார்க்கிறேன்.

மேசையில இருக்கிற இந்தப் பொட்டி தோட்டத்துப் பையன் ஒருத்தனோடது. நாலாம் பாரம் படிக்கிறான். அவங்க அப்பா செம்பனைக் குலை ஏத்துற லாரி ஓட்டுறாரு. போன வாரம் பொட்டியைக் கொண்டாந்து வச்சுட்டு பையன் ஒரே கேள்விதான் கேட்டான். "அண்ணே, இதுல லினக்ஸ் போட்டா என் ஸ்கைரிம் மோட் எல்லாம் போயிடுமா?"

ஸ்கைரிம்ங்கிறது ஒரு கேம். மோட்னா கேமை நம்ம இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு மேல சேர்க்கிற ஃபைல். லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலா போடுற இன்னொரு இயங்குதளம். பையன் இருநூறுக்கு மேல மோட் வச்சிருக்கான். ரெண்டு வருஷமா ஒவ்வொண்ணாத் தேடி, படிச்சு, சேர்த்தது. அவ்வளவு உழைப்பு இருக்கிற இடத்துல ஒத்தை வார்த்தையில பதில் சொல்ல எனக்கு மனசு வரல. அதனாலதான் இந்த வீடியோ.

(திரையில்: விண்டோஸ் 10 மேசைத்திரை. புதுப்பிப்பு எச்சரிக்கை.)

இந்தக் கேள்வி இப்ப ஏன் இவ்வளவு பேர் வாயில வருதுன்னா, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்னு போச்சு. பொட்டி ஓடும், கேமும் ஓடும். ஆனா நீட்டிப்புத் திட்டத்துல சேராதவங்களுக்கு, புதுசா ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் இல்ல. சரி, விண்டோஸ் 11 போடலாம்னா, அதுக்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சில்லு வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறையில இருந்து வேணும். நம்ம ஊர்ப் பக்கம் பிள்ளைங்க கையில இருக்கிறது பெரும்பாலும் ஆபீஸ்ல கழிச்சுவிட்ட பழைய பொட்டி, நாலாம் தலைமுறையில இருந்து ஏழாம் தலைமுறைக்குள்ள. இந்தப் பையனோடது ஏழு. ஒரே ஒரு தலைமுறையில வாய்ப்பு போச்சு.

இனி விஷயத்துக்கு வர்றேன். அவன் மோட் ஒவ்வொண்ணும் எந்த வழியா கேமுக்குள்ள நுழையுது, நான் முதல்ல பார்த்தது அதைத்தான். லினக்ஸா விண்டோஸாங்கிறதை முடிவு பண்றது அந்த வழிதான்.

(திரையில்: மூன்று உருவங்கள். துரை, கிராணி, தொழிலாளி. துரையின் மேல் "கேம்", கிராணியின் மேல் "புரோட்டான்", தொழிலாளியின் மேல் "லினக்ஸ்".)

அதுக்கு முன்னாடி, விண்டோஸுக்கு எழுதின கேம் லினக்ஸ்ல எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும். நம்ம தாத்தா காலத்துத் தோட்டத்தை நினைச்சுப் பாருங்க. துரை இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்வாரு. ஆபீஸ்ல இருக்கிற கிராணி அதைக் கேட்டு நம்ம ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொல்வாரு. வேலையைச் செய்றது நம்ம ஆளுங்கதான். புரோட்டான் அந்தக் கிராணி. கேம் விண்டோஸ் பாஷையில கேட்குது, புரோட்டான் அதை லினக்ஸுக்குச் சொல்லுது. இதுக்கு அடித்தளம் வைன்ங்கிற ஒரு மென்பொருள், 1993-ல ஆரம்பிச்ச வேலை. அதை எடுத்து மேல கட்டி வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டுல, கேம் வாங்கி இறக்குற தன்னோட ஸ்டீமுக்குள்ளேயே வச்சது, அதுதான் புரோட்டான். படம் வரையிற பகுதிக்குத் தனியா இன்னொருத்தர் இருக்காரு, டிஎக்ஸ்விகே. விண்டோஸோட டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளையை, லினக்ஸுக்குப் புரியிற வல்கன் கட்டளையா மாத்துறது அதோட வேலை.

ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் ஒரு போலி சி டிரைவ் கட்டிக் கொடுக்கும். கம்ப்பேட்டேட்டான்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கேமோட ஸ்டீம் எண். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு 489830. அதுக்குள்ள போனா டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ் எல்லாம் விண்டோஸ்ல இருக்கிற மாதிரியே இருக்கும். சேவ் ஃபைல் காணோம்னு என்கிட்ட வர்றவங்க தேட வேண்டிய இடம் இதுதான். இந்த எண்ணை ஒரு தாள்ல எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சுக்குங்க.

(திரையில்: கேம் காட்சி. ஒரு வீரனின் கவசம் முழுக்கப் பளீர் ஊதா நிறம்.)

முதல் வழி, ஃபைலைக் கொண்டுபோய் ஃபோல்டர்ல போடுற மோட். புதுத் துணி, புதுக் கவசம், புது முகம். இது ரெண்டுலயும் வேலை செய்யும். ஆனா லினக்ஸ்ல ஒரு குழி இருக்கு. இந்த ஊதாக் கவசத்தைப் பாருங்க. உருவம் வந்துடுச்சு, மேல போர்த்த வேண்டிய படம் வரல. அப்படி வராதபோது ஸ்கைரிம் காட்டுற நிறம் இது.

(திரையில்: கோப்புப் பட்டியல். "டெக்ஸ்சர்ஸ்" என்ற பெயரில் அருகருகே இரண்டு ஃபோல்டர். ஒன்றின் முதலெழுத்து பெரியது, மற்றதன் முதலெழுத்து சிறியது. வட்டமிடவும்.)

இங்க ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் இருக்கு. தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்துங்கிற பேதமே கிடையாது, அதனால நம்ம கண்ணு இதைச் சட்டுன்னு பிடிக்காது. விண்டோஸ் இது ரெண்டையும் ஒண்ணாத்தான் பார்க்கும், மேல மேல கலந்துடும். லினக்ஸுக்கு இது ரெண்டு வேற வேற வீடு. ஒரு மோட் பெரிய எழுத்துல பெட்டி கட்டி அனுப்பிச்சு, இன்னொண்ணு சின்ன எழுத்துல. கேம் கேட்கும்போது வைன் ஒரு வீட்டுக் கதவைத்தான் தட்டும். இன்னொரு வீட்டுல இருக்கிற படம் அங்கேயே கிடக்கும். ரெண்டையும் ஒரே ஃபோல்டரா சேர்த்துட்டா கவசம் சரியாயிடும். இதைத் தெரியாம கேமையே அழிச்சுட்டுத் திரும்ப இறக்கினவங்களை நான் பார்த்திருக்கேன். தோட்டத்து இணைய லைன்ல அது ராத்திரி முழுக்க ஆகிற வேலை. நடுவுல இடி இடிச்சா கரண்டும் போயிடும்.

(திரையில்: ஸ்டீமில் ஒரு கேமின் மேல் வலது சொடுக்கு. பண்புகள். தொடக்க விருப்பங்கள் என்ற பெட்டி. அதில் ஒரு வரி மெதுவாகத் தட்டச்சாகிறது: WINEDLLOVERRIDES="winhttp=n,b" %command%)

ரெண்டாவது வழி, டிஎல்எல். கேம் ஓடும்போது கூடவே ஏத்திக்கிற நிரல் துண்டு அது. இங்கதான் நிறைய பேர் லினக்ஸைத் திட்டிட்டு எழுந்து போயிடுறாங்க. லீத்தல் கம்பெனி மாதிரி, யூனிட்டிங்கிற எஞ்சின்ல செஞ்ச கேமுக்கு, மோட் ஏத்த பெப்இன்எக்ஸ்னு ஒரு கருவி போடுவோம். அது வின்எச்டிடிபிங்கிற பேர்ல ஒரு டிஎல்எல் ஃபைலை கேம் பக்கத்துல வைக்கும். விண்டோஸ்ல கேம் முதல்ல தன் ஃபோல்டரைத்தான் பார்க்கும், அதனால மோட் தானா ஏறிடும். வைன் கிட்ட அதே பேர்ல சொந்தமா ஒண்ணு இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா அது தன்னோடதைத்தான் எடுக்கும். கேம் நல்லா ஓடும், மோட் மட்டும் வராது, ஒரு பிழைச் செய்தியும் வராது. இதுதான் ஆளைக் குழப்புற இடம்.

தீர்வு திரையில இருக்கிற ஒரே வரி. வைனுக்கு நாம சொல்றோம்: இந்தப் பேர் உள்ள ஃபைலுக்கு முதல்ல கேம் ஃபோல்டர்ல இருக்கிறதை எடு, இல்லாட்டி உன்னோடதை எடு. வீடியோவை நிறுத்தி, ஒரு எழுத்து பிசகாம அடிங்க. கடைசியில விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவுல இருக்கிற கமாண்டுங்கிற சொல்லை விட்டுடாதீங்க, அதை விட்டா இந்த வரி வேலை செய்யாது. சைபர்பங்க் 2077-க்கு சைபர் எஞ்சின் ட்வீக்ஸ்ங்கிற மோட் கருவி போடுறவங்களுக்கும் இதே வரிதான், டிஎல்எல் பேர் மட்டும் மாறும். கேமோட நிறம், ஒளியை மாத்துற ரீஷேடுக்கும் அப்படித்தான்.

மூணாவது வழி மோட் மேனேஜர், அதாவது மோட் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு நிர்வகிக்கிற மென்பொருள். இதுல நான் மனசுல பட்டதைச் சொல்லிடுறேன்: விண்டோஸ்தான் சுலபம். மோட் ஆர்கனைசர் 2 கேம் ஃபோல்டர்ல எதையும் எழுதாது. கேம் ஃபைலைக் கேட்கும்போது நடுவுல நின்னு, மோட் எல்லாம் உள்ளேயே இருக்கிற மாதிரி காட்டும். விண்டோஸோட உள் அழைப்புகளைப் பிடிச்சு அது செய்ற வேலை. லினக்ஸ்லயும் ஓட வைக்கலாம், அதுக்குத் தன்னார்வலர்கள் எழுதின இன்ஸ்டாலர் இருக்கு. ஆனா எக்ஸ்எடிட், பாடிஸ்லைடு, டிண்டோலாட்னு பக்கத்துக் கருவிகள் ஒவ்வொண்ணையும் அந்த ஒரே போலி சி டிரைவுக்குள்ள இருந்து ஓட்டணும். ஒண்ணு வெளிய நின்னாலும் கேமை அது பார்க்காது. ஒருத்தர் தொகுத்த மோட் பட்டியலை மொத்தமா இறக்கிப் போடுற வாபாஜாக்குக்கு அதிகாரப்பூர்வமா லினக்ஸ் ஆதரவே இல்ல. அதோட, மோட் இறக்குற நெக்சஸ் தளத்துல காசு கட்டாதவங்க வாபாஜாக்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் கையால பொத்தானை அழுத்தணும். சில பட்டியல் நூறு ஜிபியைத் தாண்டும். நம்ம இணைய லைனுக்கு நான் அதைச் சிபாரிசு பண்ண மாட்டேன்.

(திரையில்: ஸ்டார்ட்யூ வேலி பண்ணை. மைன்கிராஃப்ட். ரிம்வேர்ல்டு. வேகமாக.)

இதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் இருக்கு. ஸ்டார்ட்யூ வேலிக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கு, அதோட மோட் கருவி ஸ்மாப்பிக்கும் லினக்ஸ் இன்ஸ்டாலர் இருக்கு. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, மோட் கருவி ஃபேப்ரிக்கோ ஃபோர்ஜோ, ரெண்டுலயும் ஒரே மாதிரிதான். ரிம்வேர்ல்டு, ஃபேக்டோரியோவும் அப்படியே. இதை மட்டும் விளையாடுறவங்க விண்டோஸுக்காகப் புதுப் பொட்டி வாங்க ஒரு காரணமும் இல்ல.

ஜிடிஏ 5-க்கான ஃபைவ்எம் சர்வர்ல ரோல்பிளே பண்றவங்க விண்டோஸ்லயே இருங்க. வேலரன்ட்டும் அப்படித்தான். ஏமாத்தறதைப் பிடிக்கிற மென்பொருள் லினக்ஸை உள்ளேயே விடாது.

(திரையில்: கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று கையில்.)

கார்டைப் பத்தி ஒரு எச்சரிக்கை, காசு போகிற விஷயம். 2022 நவம்பர்ல வந்த டிஎக்ஸ்விகே 2.0-ல இருந்து வல்கன் 1.3 கட்டாயம். கார்டே இல்லாத நாலாம் தலைமுறை ஐ5, அதோட உள் கிராஃபிக்ஸால அது முடியாது. ஜிடிஎக்ஸ் 600 வரிசையாலயும் முடியாது. அந்தப் பொட்டிக்கு லினக்ஸ் போட்டா படிக்கவும் எழுதவும் அருமையா இருக்கும், பெரும்பாலான விண்டோஸ் கேமுக்கு ஆகாது. இந்தப் பையன் வச்சிருக்கிற 1050 டிஐக்குப் பிரச்சனை இல்ல. ஏஎம்டி ஆர்எக்ஸ் 570 இருந்தா இன்னும் நிம்மதி, டிரைவர் லினக்ஸோடவே வந்துடும்.

விண்டோஸ்லயும் மோடுக்கு முள் இருக்கு. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் இழுத்துக்கிட்டா சேவும் அமைப்பு ஃபைலும் இடம் மாறி நிக்கும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள கேம் இருந்தா சில கருவிக்கு எழுத அனுமதி கிடைக்காது, அதனால ஸ்டீம் லைப்ரரியை வெளிய தனி ஃபோல்டர்ல வைங்க. விண்டோஸோட வைரஸ் தடுப்பு டிஃபென்டர் சில சமயம் மோட் டிஎல்எல்லை வைரஸ்னு நினைச்சு எடுத்து ஒளிச்சு வச்சுடும்.

ஆனா ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான எதிரி, கேமோட புதுப்பிப்பு. 2021 நவம்பர்ல ஸ்கைரிம் ஆனிவர்சரி எடிஷன் வந்தப்ப எஸ்கேஎஸ்ஈங்கிற மோட் கருவியை நம்பின மோட் வரிசையா விழுந்துச்சு. எஸ்கேஎஸ்ஈ கேமோட சரியான பதிப்பு எண்ணைப் பார்த்துத்தான் ஏறும். விண்டோஸ்ல மோட் ஆர்கனைசர் வழியா எஸ்கேஎஸ்ஈயை நேரா திறந்தா ஸ்டீமோட புதுப்பிப்பைத் தள்ளிப் போடலாம். லினக்ஸ்ல பெரும்பாலும் ஸ்டீம் வழியாத்தான் புரோட்டான் எழும்புது, அதனால அந்த வழி அவ்வளவு சுலபமா கைகொடுக்காது.

(திரையில்: திறந்த கணினிக்குள் இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்தப்படுகிறது. திருகு முடுக்கும் கை.)

இந்தப் பையனுக்கு நான் செஞ்சது இதுதான். அவனோட பழைய எஸ்எஸ்டியைத் தொடல. விண்டோஸ், ஸ்கைரிம், மோட் ஆர்கனைசர், இருநூறு மோடும் அப்படியே. முதல் வேலையா சேவ் ஃபோல்டரை மட்டும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து அவன் கையில கொடுத்தேன். பக்கத்துல ரெண்டாவதா ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதுல லினக்ஸ் மின்ட்ங்கிற லினக்ஸ் வகை. ஒரே டிஸ்க்கைப் பிரிச்சு ரெண்டையும் வைக்கல. விண்டோஸ் டிஸ்க்ல இருக்கிற ஸ்டீம் லைப்ரரியை லினக்ஸ் ஸ்டீமுக்குக் காட்டவும் இல்ல. புரோட்டானோட போலி டிரைவுக்கு சி-யும் முக்காற்புள்ளியும் சேர்த்துப் பேர் இருக்கும், விண்டோஸ் அந்தப் பேரையே ஏத்துக்காது, நாளாவட்டத்துல டிஸ்க் கெட்டுப் போகும்.

விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைச்சேன். அது ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா மூடாது, லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் விடும். விண்டோஸ்ல இருக்கிற ஸ்டீமை ஆஃப்லைன்ல வச்சேன். இப்ப பள்ளிப் பாடம், இணையம், ஸ்டார்ட்யூ எல்லாம் மின்ட்ல. புது மோட் வேணும்னா மின்ட்லயே இறக்கி, விண்டோஸ் டிஸ்க்ல இருக்கிற டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல போட்டுடுவான். அப்புறம் இணைய கேபிளைக் கழட்டி வச்சுட்டு, விண்டோஸைத் திறந்து, மோட் ஆர்கனைசர்ல அந்த ஃபைலைக் காட்டுவான். பாதுகாப்பு நின்னு போன விண்டோஸ் வெளிய போறதே இல்ல, ஸ்கைரிமோட பதிப்பு எண்ணும் நகராது.

(திரையில்: பையனின் கை, கணினியின் பின்பக்கம் இருந்து நீலக் கேபிளைக் கழற்றுகிறது. ஸ்கைரிம் தொடக்கத் திரை எழுகிறது.)