அப்டேட் போட்ட பழைய லேப்டாப் எழுந்திருக்கவில்லையா? ஃபார்மட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு மேசையில் இருப்பது எங்கள் சித்தப்பாவுடைய லேப்டாப். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, அதன் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. தலைக்கட்டு வரி யார் கொடுத்தார்கள், யாருக்குப் பாக்கி, பந்தலுக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு என்று பல வருஷக் கணக்கு. போன கொடை முடிந்ததில் இருந்து இதை யாரும் நெட்டில் இணைக்கவில்லை. இப்போது ஆடிக் கொடை வருகிறதே என்று எடுத்து, மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறார். தேங்கிக் கிடந்த விண்டோஸ் 10 அப்டேட் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கி, ரீஸ்டார்ட் ஆகி, அதோடு சரி. லோகோ வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று காட்டுகிறது, மறுபடியும் லோகோ. இதோ பாருங்கள், திரும்பவும் அதேதான்.

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு 'ஃபார்மட் போட்டுத் தந்துடறேன்' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஃபார்மட் என்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் ஃபைல், அடுத்தது ஹார்ட் டிஸ்க் எப்படி இருக்கிறது என்ற சோதனை, அதற்குப் பிறகுதான் விண்டோஸ். இந்த வரிசையை மாற்றினால் கணக்கு போய்விடும், போட்டோ போய்விடும். இந்த வீடியோவே இதற்காகத்தான்.

முதலில் உங்கள் லேப்டாப் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பட்டனை அழுத்தினால் லைட்டே இல்லை, ஃபேன் சுற்றவில்லை என்றால் அது பெரும்பாலும் சார்ஜர், பேட்டரி, போர்டு சம்பந்தப்பட்டது. சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் போட்டுப் பாருங்கள். லைட் எரிகிறது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு என்றால் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அந்தச் சின்ன விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. மொபைல் டார்ச்சை ஸ்கிரீன்மேல் சாய்த்து அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? தெரிந்தால் போனது ஸ்கிரீன் பின்னால் இருக்கும் வெளிச்சம்தான். அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சித்தப்பா லேப்டாப்பில் கம்பெனி லோகோ வருகிறது, அதற்குப் பிறகுதான் நிற்கிறது. அதனால் இன்றைக்கு அந்த வகையைத்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒன்று. அது உண்மையிலேயே நின்றுவிட்டதா? பழைய லேப்டாப்பில் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான் பெரும்பாலும் இருக்கும். பெரிய அப்டேட் என்றால் '30 சதவீதம்' என்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். லேப்டாப் ஓரத்தில் டிஸ்க் படம் போட்ட சின்ன லைட் இருக்கிறதா பாருங்கள். அது விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, தொடாதீர்கள். சார்ஜரை மாட்டிவிட்டு ராத்திரி முழுவதும் அப்படியே விடுங்கள். நன்றாக இருந்த விண்டோஸைப் பாதியில் பட்டனை அழுத்தி நிறுத்திக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

சரி, காத்திருந்தும் பலன் இல்லை. இப்போது ரெகவரி திரைக்குப் போக வேண்டும். முன்பு மாதிரி எஃப்8 அடித்தால் விண்டோஸ் 10-இல் சாதாரணமாக வராது. லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்ற ஆரம்பித்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இன்னொரு முறையும் அதே மாதிரி. அதற்கு அடுத்த முறை போட்டால் விண்டோஸ் தானாகவே நீலத் திரைக்குக் கொண்டுபோகும். 'ட்ரபிள்ஷூட்' என்று இருக்கும், அதைத் தொடுங்கள்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ட்ரபிள்ஷூட்டுக்குள் போனதும் கண்ணில் முதலில் படுவது 'ரீசெட் திஸ் பிசி'. பதற்றத்தில் எல்லாரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். அதற்குள் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் எல்லாமே போய்விடும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் உங்கள் ஃபைல் இருக்கும், ஆனால் நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும். அதுவும் டிஸ்க் நன்றாக இருந்தால்தான். டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கும்போது ரீசெட் போட்டால் பாதியில் நின்று, இருந்ததும் கையை விட்டுப் போகும். அதனால் ரீசெட்டைத் தாண்டி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போங்கள், அதில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்'. சில லேப்டாப்பில் இந்த இடத்தில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) கீ என்று 48 இலக்க எண் கேட்கும். பயப்பட வேண்டாம். அந்த லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டிருந்தீர்களோ அதில் மொபைலிலிருந்து நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமித்து வைத்திருக்கும். அந்தக் கீ கிடைக்கும் வரை எதையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.

இப்போது கருப்புத் திரை வந்திருக்கிறது. கேமராவைப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். இங்கே 'நோட்பேட்' என்று டைப் செய்து என்டர் தட்டுகிறேன். சாதாரண நோட்பேட் திறக்கிறது பார்த்தீர்களா? இதில் ஃபைல் மெனுவில் ஓப்பன். கீழே 'டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' ஆக்குங்கள். இடது பக்கம் 'திஸ் பிசி'யைத் தொட்டால் டிரைவ் எல்லாம் வரிசையாக வருகிறது. விண்டோஸ் எழுந்திருக்காத லேப்டாப்பில், ஃபைலைக் காப்பி பண்ண ஒரு சின்ன ஜன்னல் கிடைத்துவிட்டது. நீங்கள் சி டிரைவ் என்று நினைப்பது இங்கே டி என்றோ ஈ என்றோ காட்டலாம், குழம்ப வேண்டாம். 'யூசர்ஸ்' ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. இதோ சித்தப்பா பெயர், டெஸ்க்டாப், அதற்குள் 'கொடை கணக்கு'. ரைட் கிளிக், காப்பி. பென்டிரைவுக்குப் போய் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று இங்கே காட்டாது, ஜன்னல் உறைந்த மாதிரி நிற்கும். காத்திருக்க வேண்டியதுதான். முதலில் கணக்கு மாதிரிச் சின்ன ஃபைல், அப்புறம் போட்டோ, கடைசியில் வீடியோ.

இன்னொரு ஃபோல்டரையும் காப்பி பண்ணுகிறேன். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, ஆனால் தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்'. சித்தப்பாவின் பழைய கணக்கெல்லாம் வானவில் ஔவையாரில் அடித்தது. சிலர் பாமினியில் அடித்திருப்பார்கள். இவை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறை இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கோலமாகத்தான் தெரியும். ஃபார்மட் போட்டு வந்த பிறகு 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று அழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் காணோம். அந்த எழுத்துரு ஃபைலைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும். நேரம் கிடைக்கும்போது என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், அடுத்த தடவை இந்தக் கவலை இருக்காது.

கணக்கு வந்துவிட்டது. ஆனால் போட்டோ ஃபோல்டரைக் காப்பி போட்டதும் ஒரு இடத்தில் அப்படியே நிற்கிறது. மைக்கைக் கீழே வைக்கிறேன், கேளுங்கள். டிக்... டிக்... கேட்கிறதா? ஹார்ட் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கிறது. இந்தச் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். டிஸ்க்கில் பிழை தேடித் திருத்தும் 'செக் டிஸ்க்' போட்டுச் சரி செய்கிறேன் என்று இறங்காதீர்கள். காப்பி எடுக்காத டிஸ்க்கில் முழு செக் டிஸ்க் ஓடவிட்டால், சாகக் கிடக்கிற டிஸ்க்கை முழுக்கப் படிக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம்.

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற சிஸ்டத்தை, வேறு ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவில் ஏற்றித் தயார் செய்து வைத்திருக்கிறேன். 8 ஜிபி பென்டிரைவ், அதில் மின்ட்டை ஏற்ற ரூஃபஸ் என்ற சின்ன சாஃப்ட்வேர், அவ்வளவுதான். 2 ஜிபி ரேம் இருந்தாலே மின்ட் ஓடும். லேப்டாப்பைப் போட்டு, எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் டெஸ்க்டாப் வந்துவிடும். இதில் 'டிஸ்க்ஸ்' என்ற ஆப்பைத் திறந்து 'ஸ்மார்ட் டேட்டா' பாருங்கள், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும் பட்டியல் அது. இரண்டு வரி போதும். ஒன்று, 'ரீஅலொகேட்டட் செக்டர்': கெட்டுப்போன இடத்தை டிஸ்க் தானே ஒதுக்கிவிட்டு வேறு இடம் எடுத்துக்கொண்டது. இன்னொன்று, 'பெண்டிங் செக்டர்': படிக்க முடியாமல் தவிக்கும் இடம். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. சித்தப்பா டிஸ்க்கில் பெண்டிங் நூற்றைத் தாண்டிவிட்டது.

ஆக, இந்த லேப்டாப் நின்றதற்கு அப்டேட் காரணம் இல்லை. டிஸ்க் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. சாதாரணமாக எக்செல் திறந்து நாலு வரி அடிக்கும்போது கெட்ட இடத்தைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. அப்டேட் வந்து ஜிபி கணக்கில் எழுதி, ஆயிரக்கணக்கான சிஸ்டம் ஃபைலை மாற்றும்போதுதான் அந்த இடம் மாட்டியது. தேய்ந்த டயரோடு ஊருக்குள் ஓடிய வண்டியை மலைப்பாதையில் ஏற்றின மாதிரி. இதில் ஃபார்மட் போட்டு இதே டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருந்தால், கொஞ்ச நாள் ஓடிவிட்டு, கொடைக்கு நடுவில் திரும்பவும் நின்றிருக்கும். கணக்கும் இருந்திருக்காது.

மீதிப் போட்டோவை, கெட்ட டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேரை வைத்து எடுக்கிறேன். அது முதலில் நல்ல இடத்தை எல்லாம் படித்து முடித்துவிட்டு, பிறகுதான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். கட்டளையைத் திரையில் போட்டிருக்கிறேன். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். மாறிவிட்டால் நல்ல டிஸ்க்கின்மேல் எழுதிவிடும்.

உங்கள் டிஸ்க் நல்லபடியாக இருக்கிறது என்றால் விஷயம் சுலபம். அதே நீலத் திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. மாதாமாதம் வருவது 'குவாலிட்டி அப்டேட்', முதலில் அதை எடுத்துப் பாருங்கள். பெரிய பதிப்பு மாற்றம் 'ஃபீச்சர் அப்டேட்', அதைத் திரும்பப் பெற சாதாரணமாகப் பத்து நாள்தான் அவகாசம். அது கேட்கவில்லை என்றால் பாதியில் நிற்கும் அப்டேட்டைக் கழற்றும் டிஸம் கட்டளை, அதையும் திரையில் காட்டுகிறேன். அப்புறம் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சிஸ்டம் ரீஸ்டோர்'. பெரும்பாலும் இதற்குள் எழுந்துவிடும்.

பழைய லேப்டாப்புக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்து, பெரிய பேட்டரியும் செத்திருந்தால், சார்ஜரை எடுத்த நொடியில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள், அதன் செட்டிங் எல்லாம் அழிந்துவிடலாம். தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். டிஸ்க்கை எப்படிப் படிப்பது என்ற சாட்டா மோடும், எந்த முறையில் தொடங்குவது என்ற யூஇஎஃப்ஐ, லெகசி தேர்வும் மாறிவிட்டால் விண்டோஸ் 'இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை காட்டும், இல்லை 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று நிற்கும். அப்டேட் அன்றைக்கே நடந்தால் பழி அப்டேட்மேல்தான் விழும். பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் பேட்டரியை மாற்றி, அந்த இரண்டு செட்டிங்கையும் பழையபடி வையுங்கள். ஃபார்மட்டே தேவைப்படாது.

இனி சித்தப்பா லேப்டாப்புக்கு என்ன? பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு சுற்றும் பாகம் இல்லாத 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போடுகிறேன். 256 ஜிபி அவருக்குத் தாராளம். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் தனிப்பட்ட கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் வரை வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இந்தப் ப்ராசசர் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலிலேயே இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் ஊர்ப்பணக் கணக்கு இருக்கும் லேப்டாப்பில் அதை நான் செய்ய மாட்டேன். இந்தக் கொடை முடியும் வரை விண்டோஸ் 10. லைசென்ஸ் மதர்போர்டோடு பதிந்திருப்பதால் டிஸ்க் மாற்றினாலும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கொடை முடிந்ததும் லினக்ஸ் மின்ட், எக்செல் வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ். அவர் பழகிய தமிழ்99 விசைப்பலகை அதிலும் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இது கரண்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரி செத்த லேப்டாப்பில் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னாலோ முன்னாலோ 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்திலேயே லேப்டாப் அணைந்துவிடலாம், யுபிஎஸ் மோடில் தாங்கும். கொடை நேரத்தில் ஊரில் மைக் செட், சீரியல் செட் எல்லாம் ஓடும், கரண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் அந்தச் சமயத்தில் அப்டேட்டை 'பாஸ்' (Pause) போட்டு நிறுத்தி வைக்கப் போகிறேன். விண்டோஸ் 10-இல் 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம்.

டிடிரெஸ்க்யூ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, முடிய விடியற்காலை ஆகும். அடுத்த வீடியோவில் இதைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டுவோம். கூடவே செய்யப் போகிறவர்கள் பிஎச்0 ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும், 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஸ்எஸ்டியும் வாங்கி வையுங்கள். அதற்குள் உங்கள் ஃபைலை எல்லாம் வெளியே எடுத்திருக்க வேண்டும்.