ஏழாம் பக்கத்தில் எழுந்து போனவர்

நேயர்களுக்கு வணக்கம்.

எழுதி முடித்த கதையை நாமே பத்து முறை படித்தாலும் அதன் குறை நம் கண்ணில் படுவதில்லை. தாளில் விட்டுப்போனதை நம் நினைவு தானாகவே இட்டு நிரப்பிவிடுகிறது. பாத்திரத்தின் முகமும் அவள் சொல்லாமல் விழுங்கிய சொல்லும் நமக்குத் தெரியும் என்பதால், அவை எழுத்தில் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்க நம்மால் முடிவதில்லை. ஆகவே, கைப்பிரதி பத்திரிகைக்கோ பதிப்பாளருக்கோ போகுமுன், வரைவு நிலையிலேயே அதைப் படித்துச் சொல்லும் சக எழுத்தாளர் ஒருவர் வேண்டும் என்றும், அவர் எழுதுவதை நாமும் அதே அக்கறையோடு படித்துச் சொல்ல வேண்டும் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சிறுகதை ஒன்றை ஒரு நண்பரிடம் கொடுத்தேன். கணவனை இழந்த பெண் ஒருத்தி வீட்டைக் காலி செய்யும் நாளைப் பற்றிய கதை அது. பிரதி திரும்பி வந்தபோது, ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: “இங்கே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.” முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஆறாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்தேன். ஆறாம் பக்கத்தில் அந்தப் பெண் கணவனுடைய மூக்குக் கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டு, மறுபடியும் எடுத்துத் துடைக்கிறாள். ஏழாம் பக்கத்திலோ அவளுடைய துயரம் எத்தகையது என்று பதினான்கு வரிகளில் நான் விளக்கியிருந்தேன். அந்தப் பதினான்கு வரிகளையும் அடித்துவிட்டேன்.

நண்பர் எனக்குத் தீர்வு எதையும் சொல்லவில்லை. தமக்குப் படிக்கும்போது என்ன நேர்ந்தது என்று மட்டும் சொன்னார். எங்கே மனம் ஒன்றியது, எங்கே குழம்பியது, எங்கே நம்ப முடியாமல் போயிற்று என்ற இந்தச் சாட்சியத்தைத்தான் நாம் அவரிடம் கேட்டுப் பெற வேண்டும். “நானாக இருந்தால் இதை இப்படி முடித்திருப்பேன்” என்று தொடங்குபவர், தாம் எழுதாத கதையை நம் கையால் எழுதப் பார்க்கிறார்.

குறையைச் சொல்லச் சொல் கிடைக்காமல் பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பெயரிட்டுத் தந்திருக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் என்று அந்தப் பட்டியல் போகிறது. என் ஏழாம் பக்கம் கூறியது கூறலுக்குத் தக்க சான்று. சென்றுதேய்ந்து இறுதல் என்று அதில் ஒன்று உண்டு. வேகமாகத் தொடங்கி, முடிவு நெருங்க நெருங்க மெலிந்துபோகும் நாவலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதே நூல் பத்து அழகுகளையும் சொல்கிறது என்பதை மறக்கக் கூடாது. எந்த வரி நன்றாக அமைந்தது என்று சொல்லாமல் விட்டால், எழுதியவர் திருத்தும்போது அந்த வரியையே அழித்துவிடக்கூடும்.

இப்படிப் படித்துச் சொல்பவர் வாசகர் வட்டங்களிலும் எழுத்துப் பயிலரங்குகளிலும் கிடைப்பார். புகழோ அனுபவமோ சமமாக இருக்க வேண்டியதில்லை. நாம் எழுதும் வகையை அவர் விரும்பிப் படிப்பவராகவும், நாம் செலவிடும் உழைப்பைத் தாமும் செலவிடுபவராகவும் இருந்தால் போதும். முழு நாவலையும் முதலிலேயே கொடுத்துவிடாமல், பத்துப் பக்கங்களைப் பரிமாறிப் பாருங்கள். எத்தனை நாளில் படிப்பது, எதைக் கவனிப்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதல் வரைவில் ஒற்றுப்பிழைகளை வட்டமிட்டு வாங்குவதால் பயன் இல்லை. அந்தப் பக்கமே நாளை நீக்கப்படலாம்.

கருத்தைக் கேட்கும்போது பேசாமல் இருப்பதுதான் கடினம். “நான் சொல்ல வந்தது என்னவென்றால்” என்று நம் வாய் தொடங்கும்போது, அதற்குப் பின் வரும் வாக்கியம் பெரும்பாலும் தாளில் இல்லாத வாக்கியமாகவே இருக்கும். அதை அவரிடம் சொல்வதைவிடக் குறித்துக்கொள்வது நல்லது.

வரைவைப் படித்துச் சொல்பவரின் வேலை வெட்டுவது மட்டுமே என்று எண்ண வேண்டாம். 1922இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் ‘த வேஸ்ட் லேண்ட்’ என்ற நெடுங்கவிதையின் வரைவில் அவருடைய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் பெரும் பகுதிகளை நீக்கச் செய்தார். நான்காம் பகுதியில் பத்து வரிகளே எஞ்சின. அவற்றையும் எடுத்துவிடலாமா என்று எலியட் தயங்கியபோது, அவை இருந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவரும் பவுண்டே.

பென்சிலால் அந்த வரியை எழுதிய நண்பரின் நாவல் வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது. நாற்பதாம் பக்கத்தில் நான் இரண்டு முறை பின்னால் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. அதை அப்படியே ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.