மூக்கு ஒரு பக்கம், ஓடுபாதை ஒரு பக்கம்! பலத்த காற்றில் பெரிய விமானம் இறங்குவது இப்படித்தான்

[திரையில்: ஓடுபாதைக்குக் கோணலாக மூக்கைத் திருப்பிக்கொண்டு இறங்கி வரும் விமானம்]

இந்த விமானத்தை நன்றாகப் பாருங்கள். ஓடுபாதை நேரே கிடக்கிறது, மூக்கு வேறு எங்கேயோ பார்க்கிறது. இந்த மாதிரி வீடியோவுக்கு என்ன தலைப்புப் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். "நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்!" அடப்பாவிகளா, யாரும் எதிலிருந்தும் தப்பவில்லை. அந்த பைலட் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை வரி மாறாமல் செய்துகொண்டிருக்கிறார். இவ்வளவு கோணலாக வருவது ஆபத்தே இல்லை. அந்தக் கோணலை நிமிர்த்துகிற கடைசி இரண்டு மூன்று வினாடிதான் வயிற்றைக் கலக்கும் இடம்.

வணக்கம் மக்களே. பந்திங்கிலிருந்து பேசுகிறேன். சுற்றிலும் செம்பனை, கொஞ்ச தூரத்தில் கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் விமான நிலையம். விமானத்தைப் பற்றிப் பேச இதைவிடத் தகுதி வேண்டுமா என்ன?

இதே வீடியோவை ஒட்டுக்கடையில் ஓர் அண்ணனிடம் காட்டினேன். தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஓட்டுறவன் தண்ணி போட்டுட்டு ஏறிட்டானா?"

"இல்லண்ணே, காத்து."

"ஓ, காத்து பக்கவாட்டுல தள்ளுது, இவன் எதிர்ப்பக்கம் ஒடிச்சுப் பிடிக்கிறான். அதானே?"

பாதி சரி. மிச்சப் பாதியில்தான் சுவாரசியமே இருக்கிறது.

முதலில் கொஞ்சம் அடிப்படை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். விமானம் எதிர்காற்றில் இறங்கத்தான் விரும்பும், தரையில் வேகம் குறையும் என்பதால். அதனால் ஓடுபாதையை அந்த ஊரில் வழக்கமாக அடிக்கும் காற்றின் திசையில் போடுவார்கள். ஆனால் ஓடுபாதை கான்கிரீட், காற்று காற்று. அது இஷ்டத்துக்குத் திரும்பும். அடிப்படை முடிந்தது.

இப்போது அந்த மிச்சப் பாதி. வானத்தில் இருக்கும் விமானத்தைப் பக்கக்காற்று தள்ளுவதில்லை. தூக்கிக்கொண்டு போகிறது! விமானத்தைச் சுற்றியுள்ள காற்று மண்டலமே மொத்தமாக நகர்கிறது, விமானம் அதற்குள்ளே நேராகப் பறக்கிறது. சீரான காற்றாக இருந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கவாட்டில் எதுவும் தள்ளுவதாகவே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால் பக்கக்காற்று இருப்பதே தெரியாது. தரையைப் பார்த்தால்தான் நழுவுவது புரியும்.

எவ்வளவு நழுவும்? ஒரு ஏர்பஸ் ஏ320 சுமார் 140 நாட் வேகத்தில் இறங்க வருகிறது, மணிக்கு 260 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் 30 நாட் காற்று, மணிக்கு 55 கிலோமீட்டர். பைலட் பாட்டுக்கு மூக்கை ஓடுபாதையின் திசையிலேயே வைத்துக்கொண்டு வந்தால், கடைசி ஒரு நிமிடத்தில் மட்டும் 900 மீட்டருக்கு மேல் பக்கத்தில் போயிருப்பார். கேஎல்ஐஏவில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? செம்பனைத் தோட்டம்தான். பயணிகள் நேராக இறங்கிக் குலை வெட்டப் போகலாம்.

எனவே மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார். நான் சொன்ன வேகத்துக்குக் கணக்குப் போட்டால் 12 டிகிரி வருகிறது. உடம்பு 12 டிகிரி கோணலாக இருக்கும், ஆனால் தரையில் அது வரைகிற கோடு ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே இருக்கும். இதற்கு 'கிராப்' என்று பெயர், ஆங்கிலத்தில் நண்டு.

நம் தோட்டத்து நாய் செம்மண் சாலையில் பெருநடை போட்டு ஓடுவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறீர்களா? அடுத்த தடவை பாருங்கள், தயவுசெய்து பாருங்கள். முதுகு ஒரு பக்கம் கோணியிருக்கும், பின்கால்கள் முன்கால்களுக்கு நேர் பின்னே வராமல் பக்கத்தில் விலகி வரும், ஆனால் நாய் மட்டும் சாலையில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கிற திசை ஒன்று, போகிற திசை ஒன்று, அதற்குக் கொஞ்சமும் வெட்கமே இல்லை. நாய் அப்படி ஓடுவது பின்கால் முன்காலில் இடிக்காமல் இருக்க. விமானத்துக்குக் காரணம் காற்று. காரணம் வேறாக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து எங்கள் தெரு நாய் ஒவ்வொன்றும் எனக்குப் போயிங்காகத்தான் தெரிகிறது.

நாய்க்குத் தரையிறங்கும் பிரச்சினை இல்லை. விமானத்துக்கு உண்டு. சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால் இனி அது காற்றின் சொத்து இல்லை, தரையின் சொத்து. கோணலாகவே தொட்டால் டயர் பக்கவாட்டில் இழுபடும், சக்கரக் கால்களுக்குப் பெரிய சுமை. அதனால் தொடுவதற்குச் சற்று முன்பு பைலட் காலால் மிதித்து, வாலில் நிற்கும் ரடர் என்ற பலகையைத் திருப்பி, மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவருகிறார். மிதித்ததும் இன்னொரு வம்பு கிளம்புகிறது. மூக்கு திரும்பும்போது காற்றுப் பக்கத்து இறக்கை முன்னே வீசப்படுகிறது, அதற்கு வேகம் கூடுகிறது, தூக்குவிசையும் கூடுகிறது, அந்த இறக்கை மேலே எழப் பார்க்கிறது. உடனே கையால் கட்டுப்பாட்டுக் கோலைச் சாய்த்து அதை அமுக்க வேண்டும். கால் ஒரு பக்கம், கை எதிர்ப் பக்கம். போதாக்குறைக்கு, நேராக்கிய அந்த நொடியிலிருந்து விமானம் மெல்லப் பக்கத்தில் நகரத் தொடங்கும். கனம் அதிகம் என்பதால் உடனே நகராது. அது நகர்வதற்குள் சக்கரத்தைத் தரையில் வைத்துவிட வேண்டும். சீக்கிரம் நேராக்கினால் நழுவும், தாமதமாக்கினால் கோணலாக இடிக்கும். நான் முதலில் சொன்ன வயிற்றைக் கலக்கும் இரண்டு மூன்று வினாடி இதுதான்.

சரி, கொஞ்சம் கோணலாகவே தொட்டுவிட்டால்? குடி முழுகிவிடாது. பயணிகள் விமானத்தில் எடையின் மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் தொட்டவுடன் அந்த எடையே மூக்கை இழுத்து நேராக்கிவிடுகிறது. பழைய காலத்து வால்சக்கர விமானங்களில் எடை பின்னால் இருந்தது, அவை இதே சூழ்நிலையில் பம்பரம் மாதிரி சுற்றிவிடும்.

இன்னொரு முறையும் இருக்கிறது, காற்றுப் பக்கம் இறக்கையைச் சாய்த்தபடி வந்து அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் வைப்பது. சின்ன விமானங்களுக்கு அழகாகச் சரிவரும். 747 மாதிரி நான்கு என்ஜின் தொங்கும் விமானத்தில் ரொம்பச் சாய்ந்தால் வெளிப்பக்க என்ஜின் தரையில் உரசும். அதனால் அங்கே சாய்வு கொஞ்சம், கோணல் கொஞ்சம்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சாயவே முடியாத ஒரு விமானம் இருந்தால்?

[திரையில்: பி-52]

அமெரிக்க விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானம். எட்டு என்ஜின், இறக்கையின் மொத்த நீளம் 56 மீட்டர். முதலில் பறந்தது 1952 ஏப்ரலில். கடைசி விமானம் தயாரிக்கப்பட்டது 1962-இல். இன்றைக்கும் பறக்கிறது! அதை ஓட்டுகிற பல பேருக்கு விமானம் தாத்தா வயது. இதன் சக்கரங்கள் இறக்கைக்குக் கீழே அகலமாக நிற்காது. வயிற்றுக்கு அடியிலேயே முன்னால் இரண்டு தொகுதி, பின்னால் இரண்டு தொகுதி. இறக்கை நுனிகளில் தாங்குவதற்கு ஆளுக்கொரு சின்னச் சக்கரம். நடுவில் குண்டு வைக்க இடம் வேண்டுமே, அதற்காக. இந்த அமைப்பில் ஒரு பக்கம் சாய்ந்து இறங்குவது நடக்காத காரியம். முன்பின் சக்கரங்கள் சேர்ந்தாற்போலத் தரையைத் தொட வேண்டும். கோணலாகத் தொடவும் முடியாது, நேராக்கும் வித்தைக்கும் இந்த விமானம் லேசில் ஒத்துழைக்காது.

பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்தை நேராக்க வேண்டாம், சக்கரத்தைத் திருப்பிவிடலாம் என்றார்கள்! பைலட் ஒரு குமிழைத் திருகுகிறார். நான்கு தொகுதிச் சக்கரங்களும் இடப்பக்கமோ வலப்பக்கமோ 20 டிகிரி வரை திரும்பி நிற்கின்றன. சக்கரம் ஓடுபாதையைப் பார்க்கிறது, விமானம் காற்றைப் பார்க்கிறது. அப்படியே இறங்கி, அப்படியே ஓடுகிறது. கண்ணாடி வழியே நேரே பார்த்தால் புல்வெளிதான் தெரியும், ஓடுபாதையைப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். என் கருத்தைக் கேட்டால், விமான உலகிலேயே மிகத் திமிரான தீர்வு இதுதான். முதல் முறை பார்த்தபோது வீடியோவை யாரோ கணினியில் ஒட்டுவேலை செய்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1909-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தாரே லூயி பிளேரியோ, அவருடைய விமானத்தின் சக்கரங்களும் தானாகத் திரும்பிக்கொள்ளும் வகைதான். பயணிகள் விமானத்தில் மட்டும் ஏன் இல்லை? கூடுதல் எடை, கூடுதல் பராமரிப்பு. சக்கரங்கள் அகலமாக நிற்பதால் அது இல்லாமலே சமாளிக்க முடிகிறது. அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு காற்றுவரை இறங்கலாம்? கையேட்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண் பல விமானங்களில் விமானத்தின் உச்ச வரம்பே இல்லை! சோதனை நடந்த அன்று காற்று எவ்வளவு அடித்ததோ அதுதான் "செய்து காட்டப்பட்ட" எண். அதனால் விமானம் செய்யும் நிறுவனங்கள் நல்ல மோசமான காற்றைத் தேடி ஊர் ஊராகப் போகின்றன. அவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக். காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஓடுபாதைகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால், எல்லாரும் ஒதுக்குகிற ஓடுபாதையை இவர்கள் கேட்டு வாங்கி இறங்குவார்கள். ஏ380 போன பிறகு போயிங் 787-உம் போனது. நாம் மழை வருகிறதா என்று பார்த்துத் துணி காயவைக்கிறோம், அவர்கள் புயல் வருகிறதா என்று பார்த்து டிக்கெட் போடுகிறார்கள். விமான நிறுவனங்கள் தங்கள் பைலட்டுகளுக்கு அதைவிடக் குறைவான வரம்பு வைப்பதும் உண்டு, ஓடுபாதை ஈரமாக இருந்தால் இன்னும் குறைப்பார்கள்.

தவறினால் என்ன ஆகும்? 2008 மார்ச் 1, ஜெர்மனியின் ஹம்பர்க். எம்மா என்ற புயல். லுஃப்தான்சாவின் ஏ320 இறங்கும்போது ஒரு பக்கச் சக்கரம் தொட்டது, மறுபக்க இறக்கை எழுந்தது, இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. பார்த்திருப்பீர்கள், உலகம் முழுக்கச் சுற்றிய வீடியோ. விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஒரு சக்கரம் தொட்டதுமே கணினி "தரைக்கு வந்துவிட்டோம்" என்று முடிவு செய்து, இறக்கையைச் சமன்செய்யும் கட்டுப்பாட்டின் வீச்சைக் குறைத்துவிட்டது. பைலட் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. அந்த நொடியில் அவர்கள் விசையைக் கூட்டி மேலே ஏறினார்கள். சுற்றி வந்து வேறு ஓடுபாதையில், காற்றுக்கு இன்னும் தோதான திசையில் இறங்கினார்கள். யாருக்கும் காயம் இல்லை.

மேலே ஏறிப் போவதை நம் ஆட்கள் "இறக்கத் தெரியல" என்று கிண்டலடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இறக்கியவருக்குக் கை தட்டுகிறோம், வேண்டாம் என்று மேலே போனவருக்குத்தான் முதலில் தட்ட வேண்டும். நான் தட்டுவேன், பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தாலும் சரி.

நம் ஊரில் இதெல்லாம் உண்டா? நம் காற்று பொதுவாகச் சாது. கேஎல்ஐஏவின் மூன்று ஓடுபாதைகளும் கிட்டத்தட்ட ஒரே திசையில் கிடக்கின்றன, குறுக்கே ஒன்றுகூட இல்லை. காற்று சுழன்றடிக்கும் ஆம்ஸ்டர்டாமில் ஆறு ஓடுபாதைகள் பல திசைகளில் போட்டிருக்கிறார்கள். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையிலிருந்து 'சுமத்ரா' என்று ஒரு புயல்வரிசை வரும். மோரிப் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்போது விமானங்கள் வீரம் காட்டுவதில்லை. வானத்தில் வட்டமடித்து அது கடந்து போகக் காத்திருக்கும், எண்ணெய் குறைந்தால் வேறு ஊருக்குப் போகும்.

அடுத்த முறை காற்றடிக்கிற நாளில் பறந்தால், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னல் சீட் கேளுங்கள். தொடுகிற நேரத்தில் காற்று வரும் பக்கத்து இறக்கை என்றால் அதன் ஓரத்திலுள்ள பலகை மேலே தூக்கியிருக்கும். மறுபக்கம் கீழே இறங்கியிருக்கும். பைலட் கையால் அமுக்குகிறார் என்று சொன்னேனே, அதுதான். உங்கள் பக்கம் எது தெரிந்தது என்று கமெண்டில் போடுங்கள். தோட்டத்து நாய் வீடியோ இருந்தாலும் அனுப்புங்கள், பின்னாலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.