போஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள்

வணக்கம். இந்த மனநல விழிப்புணர்வு போஸ்டரை கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், ஐந்து விநாடி மட்டும். சரி, எடுத்துவிட்டேன். என்ன ஞாபகம் இருக்கிறது? இருட்டில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதானே? அடியில் நான்கு வரி ஆலோசனையும் இருந்தது. கண்ணில் பட்டிருக்காது.

மனநலம் என்றாலே இந்தப் படம்தான். இங்கிலாந்தில் மனநலப் பிரச்சினை உள்ளவர்களை ஒதுக்குவதை எதிர்த்த 'டைம் டு சேஞ்ச்' இயக்கம் இதை மாற்றச் சொல்லித் தனியாக ஒரு பிரசாரமே நடத்தியது. சாதாரணமாக வேலைக்குப் போய்க்கொண்டு, உள்ளுக்குள் தவிக்கும் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால், 'இது நான் இல்லை' என்று நகர்ந்துவிடுவார்.

போஸ்டரைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது 'புரிகிறதா? பிடித்திருக்கிறதா?' என்றுதான். இதற்கு யார் இல்லை என்று சொல்லப்போகிறார்கள்? போஸ்டரை மறைத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: "உங்கள் நண்பருக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. இப்போது பார்த்ததை வைத்து அவரை என்ன செய்யச் சொல்வீர்கள்?" அவர் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்லட்டும். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அதுதான் கஷ்டம். "தைரியமா இருக்கச் சொல்வேன்" என்று பதில் வந்தால் போஸ்டர் தோற்றுவிட்டது.

'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று எழுதுகிறார்கள். யாரிடம்? எந்த நேரத்தில்? பணம் கேட்பார்களா? வீட்டுக்குத் தெரியவருமா? தயங்கி நிற்பவர் மனதில் ஓடுவது இந்தக் கேள்விகள்தான்.

1965இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லெவெந்தால் குழுவினர் டெட்டனஸ் ஊசி பற்றி மாணவர்களுக்குக் கையேடு கொடுத்தார்கள். பயமுறுத்திய கையேட்டைப் படித்தவர்கள் ஊசி அவசியம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் போகும் வழி எதுவும் சொல்லாமல் கையேடு மட்டும் கொடுத்தவர்களில், போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம். சுகாதார மையத்துக்கு வழிகாட்டும் வரைபடம் கொடுத்து, எப்போது போவது என்று திட்டமிடவும் சொன்ன மாணவர்களில் அது சுமார் 28 சதவீதம். ஊசியும் மனநலமும் ஒன்றில்லைதான், ஆனாலும் போகும் வழியைக் காட்டாத போஸ்டரைப் பார்த்தால் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

அப்புறம், இடம். உதவி எண்ணைக் கிழித்து எடுத்துக்கொள்ளும்படி அடியில் துண்டுகளாக விடுகிறார்கள், நல்ல யோசனை. ஆனால் நாலு பேர் நடமாடும் வராந்தாவில் யார் கிழிப்பார்கள்? அதே போஸ்டரைக் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒன்று ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டிலும் எத்தனை துண்டு போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, கீழே கமென்ட்டில் எழுதுங்கள்.