கேரட் ஜூஸ் குடிக்கிறீங்களா? சத்து டம்ளர்ல இருக்கா, சக்கைல இருக்கா?

(வேலூர் கோட்டை அகழி ஓரம், காலை ஆறரை மணி)

வணக்கம் மக்களே! கோட்டையைச் சுத்தி வாக்கிங் முடிச்சு, வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்ததும் நேரா ஜூஸ் வண்டிதான். அருகம்புல், வாழைத்தண்டு, பீட்ரூட், சுரைக்காய். ஒரு டம்ளர் உள்ள போனா உடம்பே சுத்தமான மாதிரி ஒரு நிம்மதி. அந்த டம்ளர்ல உண்மையிலேயே என்ன இருக்கு? இந்த நாலுல ஒண்ணு ஆளையே கொன்னிருக்கு. எதுன்னு கடைசில சொல்றேன், பாதில போயிடாதீங்க.

'ஜூஸ் குடிச்சா கழிவெல்லாம் வெளிய போயிடும்'னு சொல்றாங்க. அந்த வேலையை ஈரலும் கிட்னியும் ராத்திரி பகலாப் பாத்துட்டுதான் இருக்கு. அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

(மேசை மேல துணி மூட்டை, ஒரு டம்ளர்)

நேதாஜி மார்க்கெட்ல அரைக் கிலோ கேரட் வாங்கினேன். மிக்ஸில அடிச்சு, வெள்ளைத் துணில கட்டி முறுக்கிப் பிழிஞ்சேன். கிடைச்சது இந்த ஒரு டம்ளர். இப்ப துணியைப் பிரிக்கறேன், பாருங்க. ஈரத் தேங்காப்பூ மாதிரி உதிரி உதிரியா, அதே ஆரஞ்சு கலர்ல. இதைத்தான் குப்பைல கொட்டறோம்! அரைக் கிலோ கேரட்ல கிட்டத்தட்ட 14 கிராம் நார்ச்சத்து. டம்ளருக்கு வந்தது சுமார் 2 கிராம். மீதி மொத்தமும் இந்தத் துணிலதான். சர்க்கரை மட்டும் தண்ணியோட கரைஞ்சு டம்ளருக்கு வந்துடுச்சு, ஏறக்குறைய 10 கிராம். தடுத்து நிறுத்தி மெதுவா விடறதுக்கு நார் இல்ல, அதனால சீக்கிரமா ரத்தத்துல ஏறும். சுகர் இருக்கறவங்க கவனிங்க.

இன்னொண்ணு. இதே அஞ்சாறு கேரட்டைக் கடிச்சுத் தின்னு பாருங்க. மூணாவதுலயே தாடை வலிக்கும், வயிறு போதும்னு சொல்லிடும். டம்ளர்னா ரெண்டே மடக்கு. கொஞ்ச நேரத்துல திரும்பப் பசி.

அதுக்காக ஜூஸ்ல ஒண்ணுமே இல்லன்னு சொல்ல மாட்டேன். கேரட்டோட பீட்டா கரோட்டின், அதாவது உடம்பு வைட்டமின் ஏ-வா மாத்திக்கற சத்து, டம்ளருக்கும் வருது. ஆனா அது கொழுப்புல கரையற சத்து, எண்ணெய் கூட இருந்தாதான் உடம்பு நல்லா இழுத்துக்கும். நம்ம இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சு. அதை யாராவது பிழிஞ்சு குடிக்கறோமா? எண்ணெய் விட்டு வதக்கி, சோத்துல பிசைஞ்சு முழுசாத்தானே சாப்பிடறோம். கேரட்டுக்கும் அந்த மரியாதையைக் குடுங்க. பொரியலாப் பண்ணுங்க.

பீட்ரூட் ஜூஸ் மட்டும் கொஞ்சம் தனி கேஸ். அதுல இருக்கற நைட்ரேட் பிரஷரைக் கொஞ்சம் குறைக்குதுன்னு ஆராய்ச்சிகள் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்த வேலையை ஆரம்பிச்சு வைக்கறது நம்ம நாக்கு மேல வாழற பாக்டீரியா! கிருமியைக் கொல்ற மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிச்சா அந்தப் பலனே குறைஞ்சிடும். பிரஷர் மாத்திரையை நிறுத்திடாதீங்க, ஜூஸ் அதுக்கு மாத்து இல்ல. கிட்னில கல்லு வந்தவங்க பீட்ரூட், பாலக்கீரை ஜூஸைத் தினமும் குடிக்காதீங்க, ரெண்டுலயும் கல்லு உண்டாக்கற ஆக்சலேட் அதிகம்.

இப்ப அந்தக் காய். சுரைக்காய். எல்லாச் சுரைக்காயும் இல்ல, கசக்கற சுரைக்காய். அதுல குக்குர்பிட்டாசின்னு ஒரு நச்சு இருக்கு. 2010ல டெல்லில ஒரு விஞ்ஞானி இந்தக் கசப்பு ஜூஸைக் குடிச்சு இறந்தே போனார். அதுக்கப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு போட்டு எச்சரிச்சது. கசந்தாலும் 'மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்'னு நம்ம பெரியவங்க மூச்சைப் பிடிச்சுக் குடிச்சிடுவாங்க. ஆபத்தே அங்கதான்.

நறுக்கினதும் ஒரு சின்னத் துண்டை நாக்குல வச்சுப் பாருங்க. கசந்துச்சா, முழுக் காயையும் தூக்கிப் போடுங்க. வேற ஜூஸ்ல கலந்து கசப்பை மறைக்காதீங்க. குடிச்சப்புறம் வாந்தி, வயித்து வலி வந்தா வீட்டு வைத்தியம் வேணாம், உடனே ஆஸ்பத்திரி. வீட்ல சுரைக்காய் ஜூஸ் குடிக்கற அப்பா, மாமா, தாத்தா யார் இருந்தாலும், இந்தக் கடைசி ஒரு நிமிஷத்தை இப்பவே போட்டுக் காட்டுங்க.